காலைப் பலகாரத்தில் ஒரு புதுசு: செட்டிநாட்டு அடுப்படியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு விசேஷ இலையில் கவுனி அரிசிக்குத் தனி இடம் உண்டு. சீனி, தேங்காய்ப்பூ, நெய் மூன்றும் சேர்ந்து கருஞ்சிவப்பாய்ப் பளபளக்கும் அந்த ஒரு கரண்டியை நம் மண்ணில் விளைந்த பண்டம் என்றே பலரும் நினைத்துச் சாப்பிடுகிறோம். உண்மையில் அது கப்பலேறி வந்த அரிசி. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போனவர்கள் திரும்பும்போது தேக்கு மரத்தோடும் பீங்கானோடும் அந்த ஊர்ச் சுவைகளையும் கொண்டுவந்தார்கள். பர்மிய மொழியில் ஒட்டும் அரிசிக்குக் 'கௌக்ஞின்' என்று பெயர். கவுனி, கௌக்ஞின் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அங்கே அதைக் காலை நேரத்தில் தேங்காய்ப்பூவும் எள்ளும் தூவிச் சாப்பிடுகிறார்கள். நம் ரங்கோன் புட்டோ ரங்கூன் என்ற ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஏதோ ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில், கறுப்பாய் ஒரு அரிசியை முதன்முதலில் பார்த்த ஒரு பெண்மணி அதை என்ன செய்திருப்பார்? தனக்குத் தெரிந்த தேங்காயையும் நெய்யையும் அதன் கூடச் சேர்த்திருப்பார். அதனால்தான் அது வீட்டுக்குள் நிலைத்தது. தெரியாத உணவை வீட்டில் பழக்க நான் கைக்கொள்ளும் வழியும் இதுதான். தட்டில் ஒரு புதுசு, மூன்று பழசு. புதுத் தானியம் என்றால் சட்னி, தாளிப்பு, பாத்திரம் மூன்றும் பழையதாக இருக்கட்டும். புதுச் செய்முறை என்றால் பொருட்கள் பழையவையாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

பள்ளிக்கூடமும் ஆபீசும் இருக்கிற நாளில் புதுசு வேண்டாம். ஏழரை மணிக்கு வேன் வந்துவிடும் என்ற பதற்றத்தில் எந்தக் குழந்தையும் புதுச் சுவையை ஏற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். வழக்கமான இட்லியோ இடியாப்பமோ அன்றைக்கும் இருக்கட்டும். அதன் ஓரத்தில் புதியது அரைக் கரண்டி, அவ்வளவுதான். "சாப்பிட்டாத்தான் ஆச்சு" என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு ஒரு புதுச் சுவை பிடிக்க எட்டு, பத்து தடவைக்கு மேல்கூட ஆகலாம். மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாக்குக்கு அவகாசம் வேண்டும்.

அரைக் கரண்டி என்பதற்கு இன்னொரு காரணம் ஒவ்வாமை. நிலக்கடலை, எள், முந்திரி, சோயா, கோதுமை, முட்டை, பால், மீன், இறால் ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்தக் கஞ்சியிலும் தேன் சேர்க்கக் கூடாது.

கவுனியை விசேஷ இலையிலிருந்து காலைக் கிண்ணத்துக்கு

புதுசு தேடிப் போகுமுன், வீட்டிலேயே இருந்தும் காலைச் சாப்பாட்டுக்கு வராத ஒன்றிலிருந்து தொடங்குவோம். கவுனியை இனிப்பாக மட்டுமே தெரிந்தவர்களுக்கு உப்புக் கஞ்சி புதுச் சுவைதான்.

நான்கு பேருக்கு ஒரு டம்ளர் கவுனி போதும். இரண்டு முறை லேசாக அலசுங்கள். தேய்த்துக் கழுவினால் நிறமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். நாவல்பழத்துக்கு நிறம் தருகிற ஆந்தோசயனின்தான் இதிலும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊறல் தண்ணீர் எடுத்து, அதில் நாலு சொட்டு எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். ஊதா நிறம் அவர்கள் கண்முன்னே சிவப்பாய் மாறும். புளிப்பு பட்டால் அந்த நிறமி சிவக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கவுனிக் கஞ்சி கேட்க ஆரம்பித்தது இந்த வேடிக்கைக்குப் பிறகுதான்.

ஊறல் தண்ணீரோடே குக்கரில் வையுங்கள். ஏழெட்டு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் கால்மணி நேரம். வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். மேல்தோல் வெடித்து உள்ளே இருக்கிற வெளிறிய மாவு வெளியே வர வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு மறுபடி வையுங்கள். அரைவேக்காட்டுக் கவுனி வயிற்றில் கல்லாய்க் கிடக்கும். வெந்ததை மத்தால் ஒரு சுற்று மசித்து, உப்பும் அரை டம்ளர் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்குங்கள். பொடியாய் நறுக்கிய சின்ன வெங்காயம், பக்கத்தில் வரமிளகாய்த் துவையல் ஒரு நெல்லிக்காய் அளவு.

இரவு ஊறப்போட மறந்துபோகிறவர்களுக்கு ஒரு வழி. கவுனியை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, மிக்ஸியில் ரவைபோல உடைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஊறலும் நாலைந்து விசிலும் போதும்.

சிறுதானியம்: இட்லிப் பானை வழியே

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு வரகும் சாமையும் பளபளக்கும் பாக்கெட்டில் வந்துவிட்டன. நம் பக்கத்துப் புஞ்சைக் காடுகளில் விளைந்த தானியங்கள்தான். ஆனால் வெள்ளை இட்லிக்குப் பழகிய நாக்கு எடுத்தவுடன் வரகு இட்லியை ஏற்காது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று போடுகிறீர்களா? முதல் இரண்டு வாரம் அரிசியில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டுச் சாமை போடுங்கள். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். மூன்றாம் வாரம் இரண்டு பங்கு. அதற்கு மேல் போனால் இட்லி கொஞ்சம் தட்டையாகும். அந்த மாவைக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டிய பணியாரத்தில் எந்தத் தானியம் என்று நாக்கு ஆராயாது.

குதிரைவாலிப் பொங்கலுக்கு ஒரு டம்ளர் குதிரைவாலி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், மூன்று விசில். ஆற ஆற இறுகும், பரிமாறும்போது சுடுதண்ணீர் கொஞ்சம் விட்டுக் கிளறுங்கள். கேழ்வரகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் வேறு எதுவும் நம் அடுப்படியில் இல்லை. அரிசி மாவோடு பாதிக்குப் பாதி கலந்து இடியாப்பம் பிழிந்தால் எல்லோருக்கும் பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் தொட்டுக்கொள்ள என் தேர்வு கத்திரிக்காய் கோசமல்லி. கத்திரிக்காயை வேகவைத்துக் கையால் மசித்து, நீர்க்கப் புளி கரைத்து விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துச் சேர்த்தால் முடிந்தது. தேங்காய் அரைக்க வேண்டாம், எண்ணெய் ஒரு கரண்டி போதும். காலையிலேயே ஒரு காய் வயிற்றுக்குள் போய்விடுகிறது. காலைப் பலகாரத்தில் காய்கறியே இல்லாத குறையை நம் ஊர் இவ்வளவு எளிதாகத் தீர்த்து வைத்திருக்கிறது.

கடை அலமாரிப் புதுசுகள்

ஓட்ஸ் வாங்கும்போது மசாலா கலந்த பாக்கெட்டை விடுங்கள், அதில் உப்பு அதிகம். வெறும் ஓட்ஸ் வாங்குங்கள். அது கொழகொழவென்று இருப்பதுதான் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்தக் கொழகொழப்புதான் அதன் சத்து. பீட்டா குளுக்கான் என்கிற அந்த நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு குறையும். அரை கப் ஓட்ஸில் ஏறத்தாழ அதில் பாதி கிடைக்கும். பாலும் சீனியும் போட்டுக் கிண்டாமல், வேகவைத்த பாசிப்பருப்பு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்துப் பருப்புக் கஞ்சி மாதிரி செய்யுங்கள். உளுந்தங்களி சாப்பிட்ட ஊருக்குக் கொழகொழப்பு ஒன்றும் புதிதல்ல.

கீன்வாவில் நான் ஒரு தவறு செய்தேன். வாங்கி வந்த அன்றே அரிசியைப்போல ஒரு முறை அலசி வேகவைத்துவிட்டேன். உப்புமா பார்க்க அழகாக வந்தது. வாயில் வைத்தால் சோப்புக் கசப்பு. ஆறு பேர் தட்டிலும் அப்படியே மிஞ்சியது. காரணம் பிறகு தெரிந்தது. அதன் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பறவைகள் கொத்தாமல் இருக்கச் செடி வைத்துக்கொண்ட காவல் அது. தண்ணீரில் நுரைக்கும். எனவே நுரை நிற்கும் வரை, நாலைந்து தண்ணீர், கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். சல்லடை வேண்டாம், ஓட்டை வழியே ஓடிவிடும். மெல்லிய வேட்டித் துணியில் கொட்டிக் கழுவுங்கள்.

இரண்டாம் முறை கழுவிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா வந்து உட்கார்ந்தார். ஈரமான மணிகளை உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது என்னத்தா, அரிசிங்கிறே, தண்டங்கீரை விதை மாதிரியில இருக்கு?" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. கீன்வா புல்லரிசி வகையே இல்லை. தண்டுக்கீரையும் அதுவும் ஒரே குடும்பம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிடும் விதை அது. "கீரை விதைன்னா கீரைக்குத் தாளிக்கிற மாதிரியே தாளி" என்றார். கடுகு, உளுத்தம்பருப்பு, பூண்டு, வரமிளகாய், கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. அன்றைக்கு மிச்சமில்லை.

அளவு இதுதான். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், மூடிபோட்டு மிதமான தீயில் கால்மணி நேரம். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாய்ச் சின்ன வால் சுருண்டு பிரிந்து நிற்கும், அதுதான் பதம். விலை அதிகம் என்பதால் இதை மாதத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் வேண்டுமென்றால் தினையும் சாமையும் இருக்கின்றன. கீன்வா சாப்பிடாததால் யாருக்கும் சத்து குறைந்துவிடாது.

வெண்ணெய்ப்பழம், கடையில் பட்டர் ஃப்ரூட் என்று விற்பது, தாண்டிக்குடி மலைப்பக்கமிருந்து நமக்கு வருகிறது. காயாக இருந்தால் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துத் தாளில் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று நாளில் பழுக்கும். சீனி போட்டு ஜூஸ் அடிப்பதைவிட, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்து மசித்துத் துவையலாகத் தோசைக்குத் தொட்டுக்கொள்வது நல்லது. சூடு காட்டாதீர்கள், கசக்கும். சியா விதையைச் சப்ஜா என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சியா தன் எடையைப்போலப் பத்து மடங்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் வறண்ட விதையை அப்படியே விழுங்கக் கூடாது, தொண்டையில் ஊறி அடைத்துவிடும். அரை மணி நேரமாவது ஊறட்டும்.

கடல் கடந்த காலைச் சாப்பாடுகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் ஊர்க்காரர்கள் கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் வட்டிக்கடைக்குப் பக்கத்தில் தினமும் பார்த்த காலை உணவுகள். அங்கே போய்வந்தவர்களின் வீடுகள் இன்னும் இங்கே நிற்கின்றன. அந்தக் காலைச் சாப்பாடுகளில் பல நம் அடுப்புக்கு இன்னும் வரவில்லை.

இலங்கையின் கொலகந்த முதலில். 'கொல' என்றால் இலை, 'கந்த' என்றால் கஞ்சி. இலைக்கஞ்சி. அரை டம்ளர் சிவப்பரிசிக் குருணையை மூன்று பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சியோடு நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ இரண்டு கைப்பிடி எடுத்து, அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். கஞ்சியில் உப்பும் ஒரு டம்ளர் இரண்டாம் தேங்காய்ப்பாலும் விட்டு, சூடேறியதும் கடைசியாகக் கீரைச் சாற்றை ஊற்றுங்கள். விளிம்பில் ஒரு கொதி தட்டியவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கூடினாலும் பச்சை மங்கிக் காக்கி நிறமாகிவிடும், பச்சை வாசமும் போய்விடும். டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடிக்க வேண்டும். அங்கே ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். இங்கே கருப்பட்டித் துண்டு. வல்லாரையின் லேசான கசப்பும் கருப்பட்டியும் நாக்கில் மாறி மாறி வரும்போது, இன்னொரு டம்ளர் கேட்காதவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

அடுத்தது பர்மாவின் மொகிங்கா. அந்த நாட்டில் விடியற்காலைத் தெருவோரக் கடைகளில் கிடைக்கிற மீன் குழம்பும் அரிசிச் சேமியாவும். கேட்கப் புதுசாக இருந்தாலும் அதற்குள் இருப்பதெல்லாம் நம் பொருட்கள்: கெளுத்தி மீன், வாழைத்தண்டு, இஞ்சி, பூண்டு, மஞ்சள், கடலைமாவு. எலுமிச்சைப்புல் ஒன்றுதான் வெளியாள். புதுசு ஒன்று, மீதி பழசு என்ற கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அரைக் கிலோ கெளுத்தியைச் சுத்தம் செய்து, மஞ்சள், நசுக்கிய எலுமிச்சைப்புல் இரண்டு, உப்பு சேர்த்து ஆறு டம்ளர் தண்ணீரில் வேகவையுங்கள். மீனை எடுத்து ஆறவைத்து முள் நீக்கி உதிருங்கள். இதில் அவசரம் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். இரண்டு முறை விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீரை வடிகட்டி வையுங்கள். பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், இஞ்சி, வரமிளகாய் நாலு இவற்றை அரைத்து நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டுங்கள். வடித்த தண்ணீரை ஊற்றி, வறுத்த கடலைமாவு மூன்று கரண்டி கரைத்துவிட்டு, நார் எடுத்து வட்டமாய் நறுக்கிய வாழைத்தண்டைச் சேர்த்து இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். சேமியாவுக்குப் பதில் நம் இடியாப்பம். கிண்ணத்தில் இடியாப்பம் உதிர்த்துப் போட்டு, மேலே குழம்பு தாராளமாய், அவித்த முட்டையில் பாதி, மல்லித்தழை, எலுமிச்சை பிழிந்து, கடைசியில் ஒரு பருப்பு வடையை நொறுக்கிப் போடுங்கள். அங்கேயும் பருப்பில் சுட்ட மொறுமொறுப்பான வடையைத்தான் நொறுக்கிப் போடுகிறார்கள். மீன் சாப்பிடாத வீட்டில் வேகவைத்த பாசிப்பருப்பும் காளானும் போட்டுச் செய்யலாம். சுவை வேறாக இருக்கும், ஆனால் நன்றாக இருக்கும்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். கடையையும் காணியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் மனத்தில் வைத்துக் கொண்டுவந்த சுவைகளில் இதுவும் ஒன்று. அதனால் இந்தக் கிண்ணத்தை நான் அவசர அவசரமாகச் சாப்பிடுவதில்லை.

உடம்பு பார்த்து

சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். கவுனியும் தினையும் ஓட்ஸும் மாவுச்சத்துதான். நார் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும், ஆனால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்பதல்ல. ஒரு கிண்ணம் கஞ்சி, கூடவே பருப்போ முட்டையோ சுண்டலோ. கருப்பட்டியும் வெல்லமும் அவர்களுக்குச் சீனி மாதிரிதான், கொலகந்தவைக் கருப்பட்டி இல்லாமல் குடிக்கட்டும். புதிதாய்ச் சாப்பிட்ட நாளில் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொண்டால் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரைச்சாறு, கீன்வா, வெண்ணெய்ப்பழம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும், இவற்றில் பொட்டாசியம் அதிகம். மற்றவர்களும் நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் எல்லாம் மாற்றினால் வயிறு உப்பும். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள்.

பகிர்ந்துகொள்ளும்போது

நன்றாக வந்தது என்றால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டு. அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும். எந்த டம்ளர் அளவு, எவ்வளவு தண்ணீர், எங்கே தவறினால் கெடும், உள்ளே கடலை, எள், முட்டை, மீன் ஏதும் இருக்கிறதா. "கொஞ்சம் போடுங்க, பதமா இறக்குங்க" என்று எழுதினால் புதிதாய்ச் செய்பவருக்கு உதவாது. கீன்வாவைத் தேய்த்துக் கழுவச் சொல்லி யாராவது எனக்கு ஒரு வரி எழுதித் தந்திருந்தால் ஆறு தட்டு வீணாகியிருக்காது.

போன மாதம் இப்படி இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஆச்சிக்குக் கொலகந்த அனுப்பினேன். அவருடைய பிள்ளைப்பருவம் மலேயாவில். மறுநாள் தூக்கு திரும்பி வந்தது. உள்ளே ஒரு சின்னப் பாட்டிலில் இளம்பச்சையாய்க் கயா. மலேயாவில் காலை ரொட்டிக்குத் தடவிக்கொள்கிற தேங்காய்ப்பால் ஜாம். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஆச்சி எழுதியிருந்தார்: "முட்டை 4. தேங்காய்ப்பால் கெட்டியா 1 டம்ளர். சீனி முக்கால் டம்ளர். ரம்பை இலை 2, முடிச்சுப் போட்டு. கொதிக்கிற தண்ணிமேல பாத்திரத்தை வச்சுக் கிண்டணும், நேரா அடுப்புல வச்சா முட்டை திரிஞ்சிரும். அரை மணி நேரம் கை எடுக்கப்படாது. ஆளுக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல குடுக்காதே."